பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு நாள்

வீட்டை விட்டு வெளிக்கிட்டால், அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் ஆங்கிலத்தில் அச்சடித்த எந்தத் தாளைக் கண்டாலும் நெஞ்சு ஒருமுறை திக்கென்னும். இப்படிப்பட்ட என்னை நம்பித்தான், நான் பார்த்துக்கொள்கிற அம்மா ஒரு கடிதப் பையைத் தந்தார்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்குள்ளேயே, மனுரேவாவிலிருந்து கிளென் ஈடனுக்கு ரயிலில் போவேன். மோட்டர்வேயில் கார் ஓட்டப் பயம். அங்கே தனியாக இருந்த, எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியைக் குளிக்க வார்த்து, உடுப்புகளுக்கு அயர்ன் போட்டு, மதியச் சாப்பாடு எடுத்து வைப்பது என் வேலை. அவர் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். ஒரு பாட்டுக் குழுவோடு ஆக்லாந்துக்கு வந்தவர், இங்கே ஒருவரைக் கல்யாணம் முடித்து நின்றுவிட்டார். நான் அவரை அம்மா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிட்ட செல்லச் சொல்லுக்கு எங்கள் தமிழில் ‘பிள்ளை’ என்பதுதான் கிட்ட வரும். அவர் பேசியதையெல்லாம் என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர் பாட்டு எழுதுகிறவர் என்பது எனக்கு அயர்ன் போடும்போதுதான் தெரியவந்தது.

“கொஞ்சம் மெதுவாய்த் தேய், பிள்ளை. நீ பாட்டை ஓட விடுறாய்.”

“என்ன பாட்டு, அம்மா?”

“நீ தேய்க்கிற பாட்டு.”

பதினாறு வயதில் ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் படுக்கை விரிப்புத் தேய்க்கப் போனாராம். நீராவி சீறுகிற சத்தத்தில் தாளம் பிடித்துத்தான் பாட்டுக் கட்டப் பழகினார். எந்த வாத்தியமும் தெரியாது. முதலில் முணுமுணுப்பு, பிறகு கடைசி வரி, அதற்குப் பிறகுதான் மற்ற வரிகள். இங்கே வந்த பிறகும் பகலில் தொழிற்சாலை, வார இறுதியில் ஹோட்டல் பாரில் பாட்டு. நாற்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார். இசைத்தட்டில் வந்தவை சில. அவற்றில் ஒன்றை அவருடைய ஊரில் தெரியாதவர்கள் இல்லையாம். ஆனால் அதை எழுதியவர் என்று போட்டிருப்பது வேறு பெயர். குழுத் தலைவர் நீட்டிய தாளில், வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கறுப்புப் பெண் எழுதியது என்று தெரிந்தால் கடைக்காரர் தட்டை எடுக்கமாட்டார்கள் என்று அந்த மனிதர் சொன்னாராம். தட்டின் அட்டையில் அந்தத் தலைவரின் படம். அம்மா திரைக்குப் பின்னால் நின்று பாடியிருக்கிறார்.

“காசைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது எப்பவோ போயிட்டுது. எழுதினது நான் எண்டு ஒரு இடத்தில அச்சில இருந்தாக் காணும்” என்பார்.

அதற்கு ஒரு வழி வந்தது. சிட்னியில் ஒரு சிறிய நிறுவனம் அந்தப் பழைய தட்டை மறுபடி வெளியிடப் போவதாக எழுதியிருந்தது. பாட்டு இவருடையதுதான் என்று எழுத்தில் காட்டினால் பெயரைப் போடுவார்களாம். அந்த நாளில் கூடவே டிரம்ஸ் வாசித்தவர் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். தன் கண்ணெதிரே அம்மா அந்தப் பாட்டைக் கட்டியதாக அந்த டிரம்ஸ்காரர் கைப்படக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். அதையும், தான் எழுதிய கடிதத்தையும் ஒரு கூரியர் பையில் போட்டு ஒட்டி, ஒரு திங்கட்கிழமை அம்மா என் கையில் தந்தார்.

“இண்டைக்கே போட்டுவிடு.”

“ஓம், அம்மா.”

ரயிலில் ஏறியதும் பழக்கதோஷத்தில் கைப்பேசியில் பஞ்சாங்கம் பார்த்தேன். அட்டமி. அடுத்த நாள் நவமி. இவ்வளவு காலம் காத்திருந்த நல்ல காரியத்தை அட்டமியில் தொடங்கி நானே கெடுப்பதா? வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் ‘இண்டைக்கே’ என்றுதானே சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவும் வைத்தேன்.

என் கணவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உமக்கென்ன விசரே? கூரியர்காரனுக்கு அட்டமி நவமி தெரியுமோ?”

“உங்களுக்கு ஒண்டும் விளங்காது. பேசாமல் இருங்கோ.”

புதன் காலை, தசமியில், நல்ல நேரம் பார்த்து அனுப்பினேன். அன்றைக்கு அம்மா கேட்டார். “அனுப்பியாச்சு, அம்மா” என்றேன். அது பொய் இல்லை. எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு இரவு நித்திரை சரியாக வரவில்லை.

அடுத்த திங்கள், நான் அவருடைய சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிட்னியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் “நன்றி” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

“போன வியாழனுக்கு முதல் வந்திருக்க வேணுமாம். வெள்ளிதான் கிடைச்சதாம். அட்டை அச்சுக்குப் போயிட்டுது.”

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அட்டமி, நவமி, பிள்ளையார், பூ, எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எட்டாம் நாளில அப்பிடி என்ன பிழை?”

“தெரியாது, அம்மா. எங்கட ஆக்கள் நல்ல காரியம் தொடங்கமாட்டினம்.”

“பூவும் வச்சனியோ?”

“ஓம்.”

“என்ர பேருக்கு முன்னம் ஒருத்தரும் பூ வச்சதில்லை” என்று சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. “இனி விடு, பிள்ளை. கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன்.”

அவர் என்னை ஏசியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஏசவில்லை. அதனால்தான், போனில் ஆங்கிலம் கதைப்பதென்றால் உள்ளங்கை வேர்க்கிற நான், அவருடைய போனை எடுத்து அந்த எண்ணுக்கே திரும்ப அடித்தேன். பிழை என்னுடையது, அவர் நேரத்தோடு தந்துவிட்டார், நான்தான் வைத்திருந்தேன் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னேன். ஏன் வைத்திருந்தீர்கள் என்று அந்த மனிதர் கேட்டார். அதையும் சொன்னேன்.

“அந்தக் கூரியர் பை என் மேசையிலதான் கிடக்கு. இன்னும் பிரிக்கேல்லை. கொஞ்சம் பொறுங்கோ” என்றார். பை கிழிகிற சத்தம் கேட்டது. டிரம்ஸ்காரரின் கடிதத்தை வாசித்துவிட்டு, வெளி அட்டையை இனி மாற்ற முடியாது, உள்ளே வைக்கிற தாள் வியாழன்தான் அச்சுக்குப் போகும் என்றார்.

ஏழு கிழமை கழித்துப் பார்சல் வந்தது. நான் போனபோது அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் இருந்தார்.

“இண்டைக்கு என்ன நாள்? நல்ல நாளோ? பார்த்தனியோ?”

ரயிலிலேயே பார்த்திருந்தேன். நவமி.

“பார்க்கேல்லை, அம்மா” என்றேன். கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன்.

வெளி அட்டையில் குழுத் தலைவரின் அதே படம், அதே பெயர். உள்ளே இருந்த தாளில், மூன்றாவது பாட்டுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி. அந்தச் சின்ன எழுத்து அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. என்னை வாசிக்கச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயர் பாட்டோடு மட்டும் இருக்கட்டும், வேறு கதைகளோடு வேண்டாம் என்று பிறகு அவரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசி, பிள்ளை. மெதுவாய்.”

வாசித்தேன்.