யோகண்ணை தராத சம்மதம்

யோகநாதன் இறந்துவிட்டார் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவர் குடியிருந்த கட்டடத்தின் காவலாளி. மாசி மாதக் காலை, ஸ்காபரோவில் பனி முழங்கால் அளவு கிடந்தது. இரண்டு நாளாக அவருடைய கதவு திறக்கவில்லையாம். உள்ளே போனபோது சுவரில் எழுதி ஒட்டியிருந்த ஒரே இலக்கம் நாங்கள் இருவரும் முன்பு சேர்ந்து வேலை செய்த பட்டறையினுடையது. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்து மூன்று. மனைவி ஊரிலேயே காலமாகிவிட்டவர், பிள்ளைகள் இல்லை.

தகனத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார்: "உவர்தானே அந்தப் பசுபதியின்ரை வண்டியைத் திருத்தினவர்? உவற்றை கவலையீனத்தாலைதானே அந்தப் பெண் செத்தது." நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரமேஸ்வரி அக்காவின் சாவுக்குக் காரணம் யோகண்ணை இல்லை, நான். இரண்டரை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாய்க்கு மூடி நன்றாகவே பொருந்தியிருந்தது.

அந்தப் பட்டறையில் கடைகளின் குளிர்பெட்டிகளைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. நான் சுற்றுலா அனுமதியில் வந்து, நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவன். யோகண்ணை எனக்கு முன்பே வந்தவர், ஊரில் ஒரு தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவர். முதல் வாரமே நான் ஒரு நல்ல மோட்டாரைக் கெட்டதென்று கழற்றி எறிந்துவிட்டேன். பழுதாகியிருந்தது அதற்குப் போகும் கம்பி மட்டும். யோகண்ணை அந்த மோட்டாரைக் குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நீர் வருத்தக்காரனை ஒரு வார்த்தை கேளாமல் வயித்தைக் கிழிக்கிற டொக்குத்தர் போலை கிடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தேத்தண்ணியோடு வந்து, "முதல் தொட்டுப் பாரும், பிறகு மணந்து பாரும், கடைசியாத்தான் கழட்டும்" என்றார். அவர் வேலை செய்த முறை அதுதான்.

நான் பசுபதி அண்ணை வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருந்தேன். அவருடைய மனைவிதான் பரமேஸ்வரி அக்கா. வேலைக்கு நான் கொண்டுபோன சோற்றுப் பெட்டி தினமும் அவ கட்டித் தந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. எல்லைக்கு அப்பால், எட்டு மணி நேரப் பயணத்தில், புதிதாக ஒரு கோயில் எழும்பியிருந்தது. ஆடி வெள்ளியன்று அங்கே வருவதாக அக்கா நேர்த்தி வைத்திருந்தா. அந்தப் பயணத்துக்காகவே மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கின. உள்ளே அடுப்பு, கழிப்பறை, கட்டில். கூரையில் குளிரூட்டி. அதற்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேற்றர் பின்கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருந்தது. வண்டியின் உயரத்தையும் ஆட்டத்தையும் பார்த்து எல்லோரும் அதை, திருவிழாவில் சாமி வரும் தேரைப் போல, சப்பறம் என்றார்கள்.

சப்பறத்தில் ஒரு நோய் இருந்தது. குளிரூட்டியைப் போட்டதும் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோகும். இரண்டு இடங்களில் காட்டினார்கள். இரண்டு இடத்திலும் ஜெனரேற்றரை முழுதாக மாற்றச் சொன்னார்கள். யோகண்ணை மில்லிக்கன் பக்கம் ஒரு தோட்டக்காரரின் வளவில் நின்ற வண்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பையிலிருந்து எடுத்தது ஒரு சமையலறை மணிக்கூடு, மின்சாரத்தில் ஓடுவது. அதை வண்டியின் பிளக்கில் செருகிவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் சிரித்தேன். "சிரியும். ஜெனரேற்றர் மெதுவா ஓடினால் உந்த மணிக்கூடும் மெதுவாத்தான் ஓடும்" என்றார். ஒரு நிமிடத்துக்கு நாலு விநாடி பின்தங்கியது. எஞ்சினின் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் நெகிழ்ந்திருந்ததைக் கண்டுபிடித்து இறுக்கினார். பிறகு கூரையில் ஏறினார். குளிரூட்டியின் மோட்டாரை உதைத்துக் கிளப்பும் சின்ன உருளை பொங்கிப்போய் இருந்தது. அதை மாற்றியதும் குளிரூட்டி ஒரு முனகலோடு கிளம்பி ஓடத் தொடங்கியது, ஜெனரேற்றர் நிற்கவில்லை. பசுபதி அண்ணை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்.

பயணத்துக்கு முந்திய புதன்கிழமை அவர் தனியாகப் போய் வண்டியை இன்னொரு தரம் பார்த்திருக்கிறார். மறுநாள் பட்டறையில் என்னிடம் வந்தார். முகம் நன்றாக இல்லை. "ஜெனரேற்றரின்ரை புகைக்குழாய் மூட்டிலை வெடிச்சுப்போய்க் கிடக்கு. புகை கட்டிலுக்குக் கீழை வருது. புதுக் குழாய் வர மூண்டு கிழமை செல்லும். அதுமட்டும் உள்ளை ஆக்கள் இருக்கேக்கை அதை ஓடவிடக் கூடாது. நீர் அவையின்ரை வீட்டிலைதானே இருக்கிறீர், சொல்லிவிடும். கையோடை, ஆரும் அதைக் கிளப்பேலாதபடி பற்றறிக் கம்பியையும் கழட்டி வைச்சிடும்" என்றார். நான் ஓம் என்றேன்.

மாலையில் வளவுக்குப் போனேன். பசுபதி அண்ணையும் அங்கே வந்திருந்தார், வண்டிக்குள் சாமிப்படம் மாட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, நல்லகாலம் குளிரூட்டி ஓடுது. இந்த வெக்கையிலை விரதத்தோடை அவ எட்டு மணித்தியாலம் எப்பிடி இருப்பா?" என்றார். சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத வேலையா என்ற திமிர் ஒரு பக்கம். தினமும் சோறு போட்ட அக்கா வெக்கையில் வாடக் கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம். அவர் வீட்டுக்குப் போன பிறகு ஒரு பால்மாத் தகரத்தை வெட்டி, வெடிப்பைச் சுற்றிப் போர்த்து, இரண்டு வளையம் போட்டு இறுக்கினேன். பற்றறிக் கம்பியைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, "யோகண்ணை பாத்திட்டார், எல்லாம் சரியாம். தாராளமாப் போட்டு ஓடலாமாம்" என்றேன். என் பெயரில் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

விடிய அஞ்சு மணிக்குச் சில்லின் முன்னால் தேங்காய் உடைத்துப் புறப்பட்டார்கள். நான் வேலைக்குப் போகவேண்டும் என்று நின்றுவிட்டேன். நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். வண்டியின் ஆட்டத்தில் என் தகரம் நெகிழ்ந்து, நச்சுப் புகை கட்டிலுக்குக் கீழே கசிந்திருக்கிறது. சாமிப்படத்துக்கு முன் சாம்பிராணி போட்டிருந்தபடியால் அந்தப் புகை மணத்தை ஒருவரும் உணரவில்லை. குளிர் வெளியே போய்விடும் என்று பின்பக்க யன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் தலையிடி, ஒருவருக்கு வாந்தி. வெறும் வயிறு, விரதக் களை என்று நினைத்தார்கள். அக்கா பின்கட்டிலில் படுத்தா. களைத்துப்போனா, எழுப்பவேண்டாம் என்று பசுபதி அண்ணையே சொல்லியிருக்கிறார். முன்னால் இருந்தவர்களைத் திறந்திருந்த சாரதியின் யன்னல் காப்பாற்றியது. எல்லைப் பாலத்துக்கு முன்னால் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். அப்போது அக்கா உயிரோடு இல்லை.

பொலிஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போனது. யோகநாதன்தான் ஓடலாம் என்றவர் என்று பசுபதி அண்ணை சொல்ல, அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கழற்றிய குழாயை மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் அந்தத் தகரத்தைப் பார்த்துவிட்டு, குழாயைக் கடைசியாகப் பார்த்தது தான்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று பட்டறையின் பின்கதவடியில் என்னைப் பிடித்தார்.

"உந்தத் தகரம் வெட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியும்."

நான் அழுதேன்.

"அழாதையும். நான் உம்மிலை இரங்கிச் சொல்லேல்லை. உம்மடை மனுசியும் ரெண்டு பிள்ளையளும் அங்கை காத்துக்கொண்டிருக்கினம். இப்ப வாயைத் திறந்தீரெண்டால் உம்மை ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். இங்கை தங்கிற பேப்பர் வந்தாப்பிறகு பசுபதியிட்டை நீரே போய்ச் சொல்லும்."

விபத்து என்று விசாரணையை முடித்தார்கள். ஆனால் பட்டறை அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. எங்கள் ஆட்கள் அவரைக் கூப்பிடுவதை விட்டார்கள். கல்யாண வீட்டுக்கும் இல்லை, செத்த வீட்டுக்கும் இல்லை. நகரத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் நிலம் துடைக்கும் வேலைக்குப் போனார். எனக்குப் போன வருடம் பங்குனியில் பேப்பர் வந்தது. மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். "சந்தோசம். பசுபதியிட்டைப் போனீரோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை என்றேன். அடுத்த கிழமையும் போகவில்லை, அடுத்த மாதமும் போகவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், புது வீடு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அவரையும் பிறகு போய்ப் பார்க்கவில்லை, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பார் என்று.

தகனம் முடிந்த மறுநாள் பசுபதி அண்ணையிடம் போனேன். அந்த வீட்டில் இப்போது அவர் தனியாக இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவவின்ரை செத்தவீட்டண்டைக்கு, கார் விடுற இடத்திலை வைச்சு நான் யோகநாதனுக்குக் கன்னத்திலை அறைஞ்சனான். உனக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது அண்ணை."

"ஒருத்தரும் பாக்கேல்லை. கண்ணாடி கீழை விழுந்தது. குனிஞ்சு எடுத்துத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, 'உள்ளை போ பசுபதி, உன்னைத் தேடுவினம்' எண்டவர். அந்தாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்க வேண்டும் என்றும் விரும்பினேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தேன்.

யோகண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது என்னவென்று கேட்டால், இதுதான். என் கன்னத்தில் விழவேண்டிய ஓர் அறையை அவர் வாங்கிக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே போய்விட்டார். அதை அவரிடமிருந்து திருப்பி வாங்க இனி எனக்கு வழியில்லை.