சாப்பாட்டு நேரத்து இருமல்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கோபத்தையாவது மன்னிக்கலாம். எரிச்சல் அற்பமானது; காரணம் சொல்லவே கூச்சமாக இருக்கும். என் எரிச்சலுக்குக் காரணம் ஓர் இருமல்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் நர்ஸாக இருந்தேன். மருந்து கொடுப்பதும் குடியிருப்பதும் ஒரே கட்டடத்தில். அங்கே யாரும் வாசலில் வந்து கூப்பிட மாட்டார்கள். தள்ளி நின்று இருமுவார்கள். உள்ளே ஆள் சாப்பிடுவது தெரிந்தால் அந்த இருமலும் நின்றுவிடும். சோற்றின் முன் இருப்பவரை எழுப்புவது அவர்களுக்குப் பாவம். "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன்.

அன்று மதியம் தட்டில் கை வைத்ததும் இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேல் ஊர்க்காரர் ஒருவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். என் தட்டைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறந்துதான் சொல்லட்டுமே என்று எனக்கு வீம்பு. வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு பிடி சோறு போட்டு மோர் ஊற்றிக்கொண்டேன். போளூருக்கு மரம் ஏற்றிப் போகும் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது.

கை கழுவிவிட்டு, "இன்னா?" என்றேன்.

"கொயந்தைக்கு ரெண்டு நாளா பேதிங்கம்மா. அவ மரத்தாண்ட வச்சிக்கினு குந்தினு கீறா."

புளியமரத்தடியில், தாய் மடியில் பெண் குழந்தை. கண் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் புகட்டினேன், உள்ளே தங்கவில்லை. தூக்கிக்கொண்டு போளூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பாதி வழியிலேயே போய்விட்டது.

லாரி கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. அந்தத் 'தெரியாது'க்குப் பின்னால் பலமுறை ஒளியப் பார்த்திருக்கிறேன். அவரோ, "நர்ஸம்மா எங்ககூடவே நடந்து வந்தாங்க" என்று ஊரெல்லாம் புகழ்ந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

அடுத்த அறுவடைக்குப் பிறகு ஒரு மதியம் அதே இருமல். பிசைந்த கையோடு எழுந்து ஓடினேன். அவர்தான், எனக்காகச் சாமை கொண்டுவந்திருந்தார். என் கையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அவசரமில்லீங்கம்மா, நீங்க சாப்ட்டு வாங்க. அன்னிக்கு நின்ன மாரி நின்னுகினு இருக்கேன்."

குத்திக்காட்டத் தெரியாத மனிதர்.