வெளுத்துப்போன இரண்டு கொடிகள்

நெல்லுக்குக் கட்சி கிடையாது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். எனக்கு வேளாண்மைத் துறையில் வேலை கிடைத்தபோது அப்பா நிம்மதியடைந்ததற்கு அதுவே காரணம். "விதை கொடுக்கிற இடத்துக்கு எந்த அரசியல்வாதி வரப்போறான்?" என்றார். அவர் இருந்தவரை இந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை.

உதவி வேளாண்மை அலுவலராக நான் கடைசியாக வேலை பார்த்தது, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை ஊர். இரண்டு தெரு, இரண்டு கட்சி, இரண்டு டீக்கடை. மேலத்தெருவுக்குத் தலைவர் கோவிந்தராஜு, கீழத்தெருவுக்கு அந்தோணிசாமி. பயிற்சிக் கூட்டத்தைக்கூட நான் தெருவுக்கொன்றாக நடத்தவேண்டும். மேலத்தெருவில் சிரித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அதே வேடிக்கைப் பேச்சுக்குக் கீழத்தெருவில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

இருவரின் வயல்களும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருந்தன. எது யாருடையது என்ற ஐயம் எவருக்கும் வரக்கூடாதென்று, வரப்பில் ஆளுக்கொரு கட்சிக் கொடி நட்டிருந்தார்கள்.

நடவு

ஒரு வருஷம் சம்பா நடவுக்குக் கோவிந்தராஜு வங்காளத்திலிருந்து வந்திருந்த நடவு ஆட்களைப் பிடித்தார். ஊரார் அவர்களை "இந்திக்காரங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்த அளவு இந்திதான் அவர்களுக்கும் தெரியும். குழுவின் மேஸ்திரி சுபல். அவன் மனைவி மாலதியும் சேற்றில் இறங்குவாள்.

உள்ளூர் நடவுக் குழுவின் தலைவி லூர்து என்னிடம் வந்தாள். "மேடம், அந்தோணிசாமி ஐயா ஒருத்தர்தான் தன் வயல் நடவை எங்களுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அதுவும் கைய விட்டுப் போச்சுன்னா, அடுத்த வருஷம் எங்களை யாரு கூப்பிடுவா?"

மறுநாள் அதுவும் போயிற்று.

கோவிந்தராஜு கையை நீட்டி, "நம்ம கொடி நிக்குற வயலு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். இரண்டு கொடிகளும் வெயிலில் கிடந்து பழைய வேட்டி நிறத்துக்கு வந்திருந்தன. சுபலின் ஆட்கள் கோவிந்தராஜுவின் நாற்றைப் பறித்து, அந்தோணிசாமியின் வயலில், நூல் பிடித்தாற்போல் நட்டு முடித்துவிட்டார்கள்.

நான் போனபோது கோவிந்தராஜு கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்தார்; இரு தலைவர்களும் வரப்பில் நின்றார்கள். பல ஆண்டுகளாக நேரில் பேசிக்கொள்ளாதவர்கள். இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள்.

"மேடம், என் நாத்தை அவரு திருப்பித் தரணும்."

"என் வயலை நட்டுக் குடுங்கன்னு நான் கேட்டேனா மேடம்? வேணும்னா பிடுங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

சுபல் தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி, "நல்ல நடவு, சார்" என்றான். நடவு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இருவருக்கும் பொறுக்கவில்லை.

வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் மறுநாள் மாலையோடு நின்றுவிடும். கோவிந்தராஜுவுக்கு வயல் இருந்தது, நாற்று இல்லை. அந்தோணிசாமிக்கு நாற்று இருந்தது, வயல் இல்லை. இரண்டும் ஒரே ரகம் என்று நான் மெல்லச் சொன்னேன்.

"மாட்டுக்குப் போட்டாலும் போடுவேன், அந்தத் தெருவுக்குத் தரமாட்டேன்" என்றார் அந்தோணிசாமி.

லூர்து முன்னால் வந்தாள். "ஐயா, எனக்கு வேலை தர்றேன்னு மாதா கோயில் வாசல்ல வச்சுச் சொன்னீங்க. இப்ப உங்க வயல் இல்ல. உங்க நாத்தையாவது குடுங்க. எந்த வயல்ல நட்டாலும் எங்களுக்கு அது வேலைதான்."

வேளாங்கண்ணி இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தோணிசாமி, "எடுத்துக்க" என்றார்.

லூர்து கோவிந்தராஜு பக்கம் திரும்பினாள். "நீங்க என்னைக் கூப்பிடவே இல்லியே அண்ணே."

"வா" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

"லூர்து... வாம்மா."

அவள் ஆட்கள் மட்டும் நட்டால், நடவு முடியும் முன்பே தண்ணீர் நின்றுவிடும். அது அவளுக்கும் தெரியும். சுபலைப் பார்த்து, "என்ன நிக்குற? நீயும் இறங்குய்யா" என்றாள்.

குலவை

மறுநாள் இரு குழுக்களும் இரண்டு முனைகளிலிருந்து நட்டு வந்தன. பேச்சில்லை. நடு வயலை நெருங்கியபோது வழக்கம்போல் எங்கள் பெண்கள் குலவையிட்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து மாலதியும் மற்றப் பெண்களும் அதே ஒலியைத் திருப்பியனுப்பினார்கள். எங்கள் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடியே, இவளுக்கும் வருதுடி!" என்றாள் லூர்து. அதன்பின் யார் குலவை நீளம் என்ற போட்டியில் நடவு மளமளவென்று நடந்தது.

நடவைப் பார்க்க வரப்பில் வருபவர் காலடியில் ஒரு கட்டு நாற்றை, அதாவது நாற்று முடியை, வைத்து மறித்தால், அவர் ஏதேனும் கொடுக்காமல் நகரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவரையொருவர் வேவு பார்க்க வந்த தலைவர்கள் இருவரும் வசமாக மாட்டினார்கள். லூர்து அந்தோணிசாமியை மறித்தாள். அவளைப் பார்த்து மாலதியும், காரணம் எதுவும் புரியாமலே, கோவிந்தராஜுவின் காலடியில் ஒரு முடியை வைத்தாள்.

"எல்லாருக்கும் டீ வேணும்" என்றாள் லூர்து. "அண்ணே, நீங்க கீழத்தெருக் கடையில போய் வாங்கிட்டு வாங்க. ஐயா, நீங்க மேலத்தெருக் கடை."

கோவிந்தராஜு என்னைப் பார்த்தார். நான் நாற்றுகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். இருவரும் போனார்கள். திரும்பிவந்து, அவரவர் தெரு டீதான் நன்றாக இருக்கும் என்று ஒருவருக்கொருவர், நேரடியாகவே, சண்டை போட்டார்கள்.

அந்த ஊரை ஒன்றுசேர்க்க நான் நடத்திய கூட்டங்களால் எதுவும் நடக்கவில்லை. ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒருவரில்லாமல் மற்றவருக்கு முடியாத ஒரு வேலை நடுவே இருந்தால் அதுவே தொடக்கம். நான் கற்றது இவ்வளவுதான்.

அந்தோணிசாமி காலமாகிவிட்டார். கோவிந்தராஜு சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். வரப்புக் கம்புகளில் கொடி இல்லை, கொக்கு உட்காருகிறது. போன சம்பாவில் அந்த ஊருக்குப் போயிருந்தேன். வரப்பில் கால் வைத்ததும் என் முன்னே ஒரு நாற்று முடி விழுந்தது. லூர்துவின் குழு இருக்கிறது. இப்போது அதில் மாலதியும் இருக்கிறாள்.