பானகச் செம்பில் விழுந்த கரும்புள்ளி

இதை எழுத உட்காருவதும், முடியாமல் எழுந்து போவதுமாக நாலு வருடம் ஓடிவிட்டது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதிவிடுகிறேன்.

குன்னூர் பக்கம் ஜெகதளாவில் இருக்கிறோம். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஒன்பது வருடம் வேண்டிப் பிறந்த ஒரே மகள். அந்த நேர்த்திக்கடனுக்காகத் தினமும் சாயங்காலம் பித்தளைச் செம்பில் வெல்லமும் எலுமிச்சையும் கரைத்து வைத்து, காலையில் முருகனுக்குப் படைத்துவிட்டு அவளுக்கு ஒரு டம்ளர் பானகம் கொடுப்பேன். தெருவில் வந்த ஒருவரிடம் செம்பின் உள்பக்கம் பளபளவென்று ஈயம் பூசி வாங்கியிருந்தேன்.

அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஓயாத வயிற்றுவலி. முகமெல்லாம் வெளுத்துவிட்டது. ரத்தத்தில் காரீயம் ஏறியிருக்கிறது, அது விஷம் என்றார்கள் கோவை ஆஸ்பத்திரியில். வீட்டில் எதிலிருந்து வருகிறது என்று பார்க்க, கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணை டாக்டர் அனுப்பினார். அந்தப் பெண் கையில் டிரில்லிங் மிஷின் மாதிரி ஒரு லேசர் கருவி. பொருளின் மேல் வைத்து அழுத்தினால் ‘டிக்’கென்று பொறி பறக்கும். அந்தப் பொறியின் வெளிச்சத்தை வைத்தே மேல்பூச்சில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுமாம். சுவர், கதவு, பொம்மை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க அம்மணி, என்னையும் ஒருக்கா சுட்டுப் பாருங்க. ஊட்டுக்காரி என்னைத் துருப்புடிச்ச இரும்புங்கறா” என்றார் கணவர். சிரித்துக்கொண்டே ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அந்தப் பெண் பூஜை அலமாரியைக் காட்டினாள். “அந்தச் செம்பையும் குடுங்கக்கா.”

“புள்ளி விழுமா?”

“குண்டூசி முனையளவு கருப்பா விழுமுங்க.”

“சாமி செம்புக்குப் பொட்டு வெப்பேன். சூடு வெக்க உடமாட்டேன்.”

“சாமிக்குத் தண்ணி வெக்கறதோட சரிதானுங்களே? பாப்பா குடிக்கறதில்லையே?”

“ஆமா” என்றேன். பொய். உண்மையைச் சொன்னால் நேர்த்தியை நிறுத்தச் சொல்வார்களே என்ற பயம். எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றே கணவரிடமும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தால் தேறுவாள். வீட்டுக்கு வந்தால் ரத்தத்தில் காரீயம் மறுபடி ஏறும். படையலில்தான் ஏதோ குறை என்று நினைத்து ஒரு டம்ளரை இரண்டாக்கினேன்.

மூன்றாம் மாதம் ஒருநாள் காலை, “அம்மா, இதக் குடிச்சா சரியாயிருமல்ல?” என்று கேட்டு முழுவதையும் குடித்தாள். மத்தியானம் வலிப்பு வந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், நானே செம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி அந்தக் கல்லூரிக்குப் போனேன். ‘டிக்’கென்றது. திரையைப் பார்த்த அந்தப் பெண், “அக்கா, மொதல்ல உக்காருங்க” என்றாள். வெறும் வெள்ளீயமாக இருக்க வேண்டிய ஈயப்பூச்சில் காரீயம் கலந்திருந்தது. எலுமிச்சைப் புளிப்பு அதைத் தினமும் கரைத்திருக்கிறது.

மகள் இருக்கிறாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தவள், இன்று என் கையைப் பிடித்தால்தான் படி இறங்குவாள். முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் பெயரைச் சொல்லி மறைத்தவள் நான்தானே.

‘பாவம், தெரியாமல் கொடுத்துவிட்டாள்’ என்றுதான் எல்லோரும் இதை மாற்றிச் சொல்கிறார்கள். நீங்கள் யாரிடமாவது சொன்னால் அப்படிச் சொல்லாதீர்கள்; கேட்டபோது மறைத்தாள் என்றே சொல்லுங்கள், அதைக் கேட்டாவது ஒரு தாய் தன் பூஜைச் செம்பை எடுத்துக் கொடுக்கட்டும்.