செல்வம்மாள் பிரித்த இரண்டு கூறு

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்து மீன்களுக்குப் பொறுப்பு செல்வம்மாள் அக்கா. கோவளத்துக்காரர், கேளம்பாக்கத்தில் பதினெட்டு வருடம் பெரிசு சிறிசு பிரித்துக் கூறு கட்டி மீன் விற்றவர். அவரை யாராவது ‘தொட்டி கழுவுற அம்மா’ என்றால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். நான் எபி, அங்கே டெக்னீஷியன். 2007இல் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன்.

ஆஷா முனைவர் பட்டத்துக்கு ஜிலேபி மீனை ஆராய்ந்தாள். பெரிய ஆண் மீன் இருக்கும்வரை சின்னது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். காலையில் பெரியதை எடுத்துவிட்டால் சில நிமிடத்தில் சின்னதுக்கு நிறம் ஏறிவிடும், தொட்டி முழுக்க அதிகாரம் பண்ணும். அந்த நேரத்தில் அதன் மூளைச் செல்களில் ஒரு மரபணு மும்முரமாக வேலை செய்ய வேண்டும். நாற்பத்திரண்டு மீனை அறுத்துப் பார்த்தாள். பாதியில் மரபணு விழித்திருந்தது, பாதியில் தூங்கியது.

“ரெண்டு வருஷம் வேஸ்ட், எபி அண்ணா” என்று அழுதாள். ஆய்வேடு கொடுக்கும் கெடுவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். அவர் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம்தான் கல்லூரி முதல்வர் மேசைக்குப் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“நாந்தான்மா பண்ணேன். பெருசு கடிச்சு வாலு கிழிஞ்சத சாயங்காலம் பொடிசுங்க தொட்டில வுட்டுடுவேன். காலைல நீ வர்றதுக்குள்ள திருப்பிப் போட்ருவேன். பெருசு சிறுச ஒண்ணா வெக்க எனுக்குக் கை வராதும்மா.”

ஆஷா கத்தித் தீர்த்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். பொடிசுகள் நடுவே முந்தின நாளே ராஜாவாகிவிட்ட மீனுக்குக் காலையில் புதிதாக என்ன இருக்கிறது? மரபணு தூங்கியது அந்த மீன்களில்தானோ?

“எதெதுன்னு ஞாபகம் இருக்கா அக்கா?”

“மூஞ்சப் பாத்தா தெரியாதா இன்னா?”

முடிவுகளை மறைத்துவிட்டு, அறுக்கும் முன் எடுத்திருந்த மீன்களின் படங்களை மட்டும் கொடுத்தோம். அக்கா தரையில் உட்கார்ந்து இரண்டு கூறாகப் பிரித்தார். ஒரு படத்தை மட்டும், “இது நெனப்பு இல்ல” என்று தள்ளி வைத்தார். மீதி நாற்பத்தொன்றும் ஆஷாவின் முடிவுகளோடு அச்சாகப் பொருந்தின.

விஷயம் தெரிந்து முதல்வர் கடிதத்தை நிறுத்திவைத்தார். ஆஷாவின் வாய்மொழித் தேர்வுக்கு அவரும் வந்திருந்தார். “இந்த மீன்களை இரண்டாகப் பிரித்தது யார்?” என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார். ஆஷா வாசலில் நின்ற அக்காவை உள்ளே கூப்பிட்டாள். நாற்காலி இழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள் கடிதம் வந்தது. பதவி என்ற இடத்தில் ‘துப்புரவு’ என்பதை அடித்துவிட்டு, ‘மீன் பராமரிப்பாளர்’ என்று முதல்வரே பேனாவால் எழுதியிருந்தார். நான் படித்துக் காட்டினேன்.

“அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா படி சார்” என்றார் அக்கா.