கோமுகிக் கரையில் ஒரு குளியல் கூடம்

பயன்பாட்டில் உள்ள பொதுக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்பது விதி. கச்சிராயபாளையம் அருகே, கோமுகி ஆற்றங்கரையில் பெண்களுக்காகக் கட்டிய குளியல் கூடம், குழாய் பழுதானதால் பூட்டப்பட்டது. பூட்டிக் கிடந்ததால் பயனற்றது என்று அதிகாரிகள் இடிக்கப் பரிந்துரைத்தார்கள். இந்தத் தர்க்கத்துக்குத்தான் ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் நானும் சம்பளம் வாங்கினேன்.

கரும்பு வெட்டிவிட்டு வரும் பெண்கள், உடம்பெல்லாம் அரிக்கும் சுணையைக் கழுவ, பாலத்தில் போகும் பேருந்துகளில் இருப்பவர்கள் பார்க்கும்படி ஆற்றில் இறங்கினார்கள். பழுதுபார்க்கக் கேட்டு மனு கொடுத்தேன். பதில் இல்லை. இடிப்பதற்குமுன் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், அந்தப் பெண்களிடம் விதியைச் சொன்னேன்.

"நாங்க குளிச்சிக்கினு இருந்தா இடிக்க மாட்டாங்களா? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க சாரு?" என்றார் அவர்களில் மூத்தவர்.

பூட்டு பத்திரமாக இருந்தது. கதவைத்தான் கறையான் தின்றிருந்தது. வாசலில் புடவையைக் கட்டி, ஆற்றுநீரைக் குடத்தில் சுமந்து, அன்றே குளிக்கத் தொடங்கினார்கள்.

அதிகாரி வந்து புடவையைத் தொட்டதும் உள்ளிருந்து அந்த மூத்தவரின் குரல் வந்தது: "யாருய்யா அது? பொம்பளைங்க குளிக்கிற எடத்துல இன்னா வேல?"

அவர் வெளியே நின்றபடியே 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்.

இடிக்கும் உத்தரவு ரத்து, புதுக் குழாய்க்கு அனுமதி என்று என் மனுவுக்குப் பதில் வந்தது, ஆற்றில் புதுவெள்ளம் ஓடிய ஆடிப் பதினெட்டு அன்று.