சுலோஜனா போட்ட எர்த் வயர்

திருகோணமலையில் எனக்குத் தெரிந்து வாகன வயர் வேலை செய்யும் பெண் சுலோஜனா ஒருத்திதான். அதைச் சொன்னால் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும். "நல்லாச் செய்யிற ஆள் எண்டு சொல்லுங்கோ, காணும்" என்பாள். வாகனம் திருத்தும் அவள் கராச்சின் பெயர்ப்பலகையை இரண்டு தரம் யாரோ கழற்றி எறிந்தார்கள். மூன்றாம் தரம் இரும்பில் செய்து, கேற்றோடு சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டாள்.

நான் யோகராசா, சல்லிக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவன். என் பழைய லான்ட்ரோவர்தான், பற்றரியில் ஓடிக் கயிறு சுற்றும் விஞ்ச் போட்டுப் படகுகளைக் கரைக்கு இழுக்கும். அதற்குப் பற்றரியைச் சார்ஜ் பண்ணப் பெரிய அல்டர்னேட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"இதை மட்டும் மாத்த ஏலாது அண்ணை. உந்தப் பழைய வயர் இவ்வளவு கரண்டைத் தாங்காது, எரியும்" என்றாள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு விரல் தடிப்பில் புது வயர் இழுத்தாள். கரண்ட் சுற்றித் திரும்பிவர, எஞ்சினிலிருந்து அடிச்சட்டத்துக்குப் புதிய எர்த் வயரும் போட்டாள்.

இரண்டு கிழமை கழித்து, கடல் பொங்கிய ஒரு காலையில், படகு பாதியில் நிற்க விஞ்ச் முனகி ஓய்ந்தது. பற்றரியில் சார்ஜ் இல்லை. நாற்பது பேர் தோள் கொடுத்துப் படகைக் கரையேற்றினோம்.

"பொம்பிளையிட்டக் குடுத்தா இப்பிடித்தான். இனி இந்தக் கரையிலயிருந்து ஒரு வாகனமும் அங்க போகாது" என்று மச்சான் லதீசன் கத்தினான்.

சுலோஜனாவுக்குப் போன் எடுத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்தவள் நேரே வண்டிக்கு அடியில் புகுந்தாள். எர்த் வயரைக் கழற்றிக் கையை மோந்தபடி வெளியே வந்தாள்.

"இதென்ன எண்ணெய்?"

சுறா எண்ணெய். உப்புக்காற்றில் துருப்பிடிக்காதிருக்கப் படகுக்குப் பூசுவதுபோல அடிச்சட்டம் முழுக்கப் பூசியிருந்தேன். அவள் போட்ட வயரையும் கழற்றி, அதற்கடியிலும் வழிய வழியப் பூசித் திரும்ப இறுக்கியது நான்தான். அது காய்ந்து பிசினாகி, கரண்டை மறித்துவிட்டது.

"பிழை ஆரின்ர?" என்று கேட்டாள்.

"என்ர" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்க. அத்தோடு விட்டால் என் மானம் தப்பும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் இரும்பு பளபளக்கச் சுரண்டி வயரை இறுக்கினாள். வண்டியில் கிடந்த சாவியையும் கழற்றி எடுத்துக்கொண்டாள். வண்டிச் சாவியைக் கேட்டுக் கை நீட்டினேன். தரவில்லை.

"முதல்ல இவையளுக்குச் சொல்லுங்கோ. உங்களுக்கு ஒருநாள் வெக்கம். எனக்கு இனி வேலையே வராது."

நாற்பது பேரையும் பார்த்து, எண்ணெய் பூசியது நான்தான் என்று சொன்னேன்.

"காத்தடிக்குது அண்ணை, கேக்கேல்லை" என்றாள்.

லதீசனுக்கு முன்னால் போய் நின்று, தொண்டை கிழிய இன்னொரு தரம் சொன்னேன்.